நூல் ஓடும் வழி: காரைக்குடியில் கோர்க்கும் எகிப்தியக் கழுத்தணி

பழங்கால எகிப்தியப் பாணி நகை என்று இன்று கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை, ஒரு சங்கிலியில் ஸ்காரப் வண்டையோ பருந்துத் தெய்வமான ஹோரஸின் கண்ணையோ தொங்கவிட்டவையாகவே இருக்கின்றன. அவற்றை அணிபவர்களுக்கு அவை அழகாகவும் இருக்கின்றன. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் மணி கோர்ப்பதையே பல ஆண்டுகளாகத் தொழிலாகவும் விருப்பமாகவும் கொண்டிருக்கும் எனக்கு, எகிப்தியக் கழுத்தணியின் உயிர் அதன் நூலில் இருக்கிறது என்பதில் ஐயமே இல்லை. நூல் எந்த வழியாகப் போகிறது, எங்கே திரும்புகிறது, எந்தத் துளையில் போய்ச் சேர்கிறது என்பது தெரிந்துவிட்டால், சின்னம் எதுவும் இல்லாமலேயே பார்ப்பவர்கள் அதை எகிப்திய நகை என்று அடையாளம் கண்டுகொள்வார்கள். அந்த வழியைத்தான் இந்தப் பதிவில் விரிவாக எழுத விரும்புகிறேன்.

எகிப்தியர் வெசெக் என்று அழைத்த அகன்ற கழுத்தணி, பழைய அரசின் காலத்திலிருந்தே, அதாவது இன்றைக்கு ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, சிலைகளிலும் கல்லறைச் சுவர்களிலும் காணப்படுகிறது. ஆண், பெண், அரசன், தெய்வம் என்று எல்லோர் தோள்களிலும் அது இருக்கிறது. நாம் வழக்கமாக அணியும் மாலைகளில் மணிகள் நூலின் போக்கிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். வெசெக்கில் குழல் போன்ற நீண்ட மணிகள் தோளோடு தோள் ஒட்டி நிமிர்ந்து நின்று ஒரு வரிசையாகும். அப்படிப்பட்ட வரிசைகள் நான்கு, ஐந்து, ஆறு என்று ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டு, கழுத்தின் அடியிலிருந்து மார்பின் மேற்பகுதி வரை விரிந்து படியும். கடைசி வரிசையின் ஓரத்தில் துளி வடிவத்திலோ இலை வடிவத்திலோ சிறு தொங்கல்கள் இருக்கும். இரு முனைகளிலும் அரைவட்டமான தகடோ பருந்தின் தலையோ அமைந்து, எல்லா வரிசைகளின் நூல்களும் அதன் நேர்விளிம்பில் உள்ள துளைகளின் வழியே உள்ளே போய், மேலே ஒரே இடத்தில் வெளிப்பட்டுக் கயிறாகத் திரிந்து பிடரிக்குப் போகும்.

இந்த அமைப்பு நமக்கு இன்று தெரிவதற்குக் காரணம், அகழாய்வாளர் சிலர் காட்டிய பொறுமை. 1927ஆம் ஆண்டு கீசாவில், கூஃபு மன்னனின் காலத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் கல்லறையில், ஏறத்தாழ 7,000 மணிகளால் ஆன வலை உடை ஒன்று கிடைத்தது. நூல் முழுவதும் மக்கிப்போயிருந்தது. ஆனால் உடலின் மீதும் அதைச் சுற்றியும் சில மணிகள் மட்டும் கோர்த்தபோது இருந்த ஒழுங்கிலேயே கிடந்தன. அந்தச் சிறு பகுதியை வைத்துக்கொண்டு முழு உடையையும் மீண்டும் கோர்த்துவிட்டார்கள். இன்று அது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதெல்லாம், மணிகளை அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகாமல், கிடந்த இடத்திலேயே வைத்துக் குறித்துக்கொண்டவர்களுக்கு நான் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

நூலை நம்பி நகை செய்வது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. நகரத்தார் திருமணத்தில் மணமகளுக்குப் பூட்டும் கழுத்திருவில் உள்ள தங்க உருக்கள் அத்தனையும் மஞ்சள் பூசிய நூலில்தான் கோர்க்கப்படுகின்றன. எந்த உருவுக்குப் பின் எது வரவேண்டும், எங்கே முடிச்சு விழவேண்டும் என்று தெரிந்த பெரியவர்களை அழைத்துத்தான் அதைக் கோர்க்கச் சொல்வார்கள். என் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் பனையோலைக் கொட்டான்களும், அவற்றை மூடுவதற்குக் கொக்கி ஊசியால் பின்னி விளிம்பெல்லாம் கண்ணாடிப் பாசி வைத்த மூடுதுணிகளும் இருந்தன. மணியின் கனத்தை நூல் எப்படித் தாங்குகிறது என்பதை நான் முதலில் பார்த்தது அந்த விளிம்புகளில்தான்.

இனி மணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எகிப்தியக் கழுத்தணிகளில் கண்ணைப் பறிக்கும் அந்த நீலப்பச்சை, பெரும்பாலும் கல்லின் நிறமே அன்று. சினாய் மலைகளிலிருந்து டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல்லும், இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் பகுதியிலிருந்து லாபிஸ் லசூலி என்னும் கருநீலக் கல்லும் அவர்களுக்குக் கிடைத்தன என்றாலும், அவற்றை வாங்கும் வசதி எல்லோருக்கும் இருக்கவில்லை. ஆகவே ஃபயான்ஸ் என்ற பொருளை அவர்கள் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள். வெங்கச்சங்கல்லை மாவாக அரைத்து, சிறிது சுண்ணாம்பும் நேட்ரான் உப்பும் அல்லது செடிச் சாம்பலும் சேர்த்து, நிறத்துக்குச் செம்புத் தாதுவைக் கலந்து, நீர் விட்டுப் பிசைந்து மணியாக உருட்டிக் காயவைப்பார்கள். காயும்போது உள்ளே கரைந்திருந்த உப்பு, ஈரச் சுவரில் பூப்பதுபோல மணியின் மேற்பரப்புக்கு வந்து படியும். பிறகு 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் சுடும்போது அந்த உப்பே உருகிக் கண்ணாடிப் பூச்சாகிவிடும். மேலே தனியாக எதையும் பூசாமல் தன்னிலிருந்தே மெருகு பெறும் பொருள் அது. அவர்கள் அதற்கு இட்டிருந்த பெயருக்குப் பளபளப்பது என்று பொருள்.

எகிப்திய நகை என்றாலே பல வண்ணம் இருந்தாக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டும் படம் ஒன்று உண்டு. தீப்ஸ் நகரில் 1920ஆம் ஆண்டு வாஹ் என்பவரின் கல்லறையை அகழாய்வாளர் ஹெர்பர்ட் வின்லாக் குழுவினர் கண்டெடுத்தனர். கி.மு. 1980ஐ ஒட்டி வாழ்ந்த அந்த மனிதர், பெருஞ்செல்வர் ஒருவரிடம் பணிபுரிந்தவர். அவர் உடலின் மீது இருந்த அகன்ற கழுத்தணி முழுவதும் நீலப்பச்சை ஃபயான்ஸ் மணிகளால் ஆனது. ஒரே நிறந்தான் என்றாலும், மணிக்கு மணி அந்த நிறம் சற்றே கூடியும் குறைந்தும் இருப்பதால், பார்க்கும்போது நீர்ப்பரப்பைப் பார்க்கும் உணர்வு ஏற்படுகிறது. இயந்திரத்தில் வார்த்த மணிகள் ஒரு பாக்கெட் முழுவதும் ஒரே நீலமாக இருக்கும். அந்த ஒரே சீர்மை இந்த நகைக்குப் பகை என்பது என் கருத்து. நான் ஒரே நிறத்தின் மூன்று நான்கு சாயல்களை வாங்கி, ஒரு தட்டில் கொட்டிக் கலந்துவிட்டு, கைக்கு வந்தது வந்தபடி கோர்க்கிறேன்.

உள்வரிசைகளுக்குக் கண்ணாடிக் குழல்மணிகளைப் பயன்படுத்துகிறேன். ஆரி வேலைப் பொருள்கள் விற்கும் கடைகளில் பைப் பீட்ஸ், சுகர் பீட்ஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வெளிவரிசைகளுக்கு வேண்டிய பெரிய குழல்களை மானாமதுரை மண்ணில் நானே செய்துகொள்கிறேன். எகிப்தியர் வைக்கோலையோ புல் தண்டையோ சுற்றிக் களியை உருட்டினார்கள். சூளையில் தண்டு எரிந்துபோய்த் துளை மட்டும் நிற்கும். நான் தென்னை ஈர்க்கைப் பயன்படுத்துகிறேன். விளக்குமாற்றிலிருந்து ஒரே பருமனான ஈர்க்குகளைப் பொறுக்கி, எண்ணெய் தொட்டு, மண்ணை அதன்மேல் மெல்லிய உருளையாகப் படிய உருட்டி, கத்தியால் வேண்டிய நீளத்துக்கு வெட்டுக்குறி இட்டுவிடுவேன். மண் பாதி காய்ந்தவுடன் ஈர்க்கை உருவிவிட வேண்டும். உள்ளேயே விட்டால், மண் சுருங்க, ஈர்க்கு சுருங்காமல் நின்று மணியை வெடிக்கவைத்துவிடும். காய்ந்து சுட்டு முடிவதற்குள் இந்த மண் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்குவதால், 12 மி.மீ. மணி வேண்டுமென்றால் 13 மி.மீ.க்குச் சற்று மேலாகவே வெட்ட வேண்டும். சுடுவதை மானாமதுரைக் குயவர் ஒருவரின் சூளையில் அவருடைய பானை சட்டிகளோடு சேர்த்து வைத்துச் செய்துகொள்கிறேன். நிறத்தைப் பிறகு பூசுகிறேன். இது ஃபயான்ஸ் ஆகாது. ஃபயான்ஸ் என்று சொல்லி நான் விற்பதும் இல்லை.

கோர்ப்பதற்கு எங்கள் வீட்டு வளவில், மதியத்துக்கு முன் வெளிச்சம் நேராக விழும் தூணோரம்தான் எனக்கு வசதி. வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் அரைவட்டங்கள் வரைந்த அட்டையை வைத்துக்கொள்வேன். ஒரே நூலின் இரண்டு முனைகளிலும் இரண்டு ஊசிகள் இருக்கும். நூலை முதலில் தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்துவிட வேண்டும். மெழுகு ஏறிய நூல் முறுக்கிக்கொள்ளாது, மணிக்குள் வழுக்கிக்கொண்டும் போகாது. இடது ஊசியால் ஒரு குழல்மணியை எடுத்து, அதே மணிக்குள் வலது ஊசியை எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைத்து, இரண்டு நூல்களையும் ஒரே நேரத்தில் இழுத்தால், அந்த மணி முந்தைய மணியின் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றுகொள்ளும். கண்ணாடிக் குழலின் விளிம்பு கூர்மையானது. நாளடைவில் அது நூலை அறுத்துவிடும் என்பதால், ஒவ்வொரு குழலின் மேலும் கீழும் ஒரு சுகர் மணியைக் காவல் வைக்கிறேன். அந்தச் சிறுமணிகளே வரிசைகளுக்கு நடுவில் மெல்லிய கோடாகவும் அமைந்துவிடுவதால், தங்க நிறத்தில் எடுத்துக்கொள்வது நல்லது.

இந்த வேலையில் பலரும் திணறும் இடம் வளைவுதான். வரிசைகள் கீழே இறங்க இறங்க நீளம் கூடிக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு கூட வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு: அரைவட்டமான அணியில் ஒரு வரிசையின் உயரம் 12 மி.மீ. என்றால், அடுத்த வரிசை 12ஐ 3.14ஆல் பெருக்கிய அளவு, அதாவது ஏறத்தாழ 38 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். மணியின் பருமன் 3 மி.மீ. என்றால் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று மணிகள் கூடுதலாகத் தேவை. முதல் வரிசையில் 60 மணிகள் இருந்தால், இரண்டாவதில் ஐந்துக்கு ஒன்று வீதம் ஒரு மணியைப் பரவலாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரே இடத்தில் மொத்தமாகச் சேர்த்தால் அங்கே மடிப்பு விழும். சேர்க்காமலே விட்டால் கழுத்தணி தோளில் படியாமல் கிண்ணமாக எழும்பி நிற்கும். வட்டம் எத்தனை பெரிதானாலும் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு அதே 38 மி.மீ.தான் என்பதால், இந்த ஓர் எண்ணை அட்டையின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டால் எத்தனை வரிசை வேண்டுமானாலும் போகலாம்.

முனைத்தகடுகளுக்கு நான் பர்மாத் தேக்கைப் பயன்படுத்துகிறேன். இங்கே பழைய வீடுகள் இடிபடும்போது கதவு, நிலை, உத்தரம் எல்லாம் பெரிய விலைக்குப் போய்விடும். ஆனால் கையளவுத் துண்டுகளை யாரும் சீண்டுவதில்லை. தச்சர் ஒருவரிடம் கொடுத்து மெல்லிய அரைவட்டங்களாக அறுத்துக்கொள்கிறேன். நேர்விளிம்பிலிருந்து மேல் முனை வரை ஐந்து துளைகளைச் சாய்வாகக் குடைந்து ஒரே இடத்தில் சந்திக்கவைப்பது மரத்தில் மிகவும் கடினம். ஆகவே ஒரே அளவில் இரண்டு தகடுகளை அறுத்து, ஒன்றின் உட்புறத்தில் நூல் போகும் வாய்க்கால்களைக் கீறிவிட்டு, இரண்டையும் ஒட்டிவிடுகிறோம். மேலே பொன்னிறம் பூசுவது போலித்தனம் அல்லவா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. லிஷ்ட் என்னும் இடத்தில் 1907ஆம் ஆண்டு கிடைத்த செனெப்திசி என்ற சீமாட்டியின் கழுத்தணியில் ஃபயான்ஸ், சூதுபவளம், டர்க்காய்ஸ் மணிகள் இருந்தன. ஆனால் அதன் பருந்துத் தலைகளும் இலைத் தொங்கல்களும் சாந்தில் செய்து பொன்முலாம் பூசப்பட்டவையாகவே இருந்தன. அடக்கத்துக்கென்று செய்த நகையில் கனத்தைவிடத் தோற்றமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அதனால் என் தேக்கின் மேல் பொன்னிறம் இடுவதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.

சென்ற கோடையில் ஆறு வரிசை அணி ஒன்றை வளவில் விரித்து வைத்திருந்தபோது, பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பார்த்துவிட்டு, “ஏன் ஆத்தா, இம்புட்டு மணியும் முன்னாடியே கெடந்தா கழுத்தை இழுக்காதா?” என்று கேட்டார்கள். கழுத்திருவைச் சுமந்து பழகியவர்கள் கேட்கும் கேள்வி அது. “இந்தாங்க ஆச்சி, இதைப் பின்னாடி தொங்கவிட்டுப் பாருங்க” என்று எதிர்ப்பாரத்தை எடுத்து அவர்கள் முதுகில் விட்டேன். எகிப்தியர் மன்கெத் என்று அழைத்த இந்தப் பாகத்தைக் கடையில் விற்கும் அணிகளில் பார்க்கவே முடிவதில்லை. இரு முனைகளின் கயிறுகளும் பிடரியில் சேரும் இடத்திலிருந்து, மணிகளால் ஆன பட்டை ஒன்று முதுகுத்தண்டின் வழியே தொங்கும். அதன் கனம் முன்பக்கத்துக் கனத்தைத் தோளில் பரப்பிவிடும். ஆச்சி எழுந்து முற்றத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, “இப்ப சரியா ஒக்காருது” என்றார்கள். எதிர்ப்பாரம் இல்லாமல் நான் இப்போது எந்த அகன்ற அணியையும் யாருக்கும் கொடுப்பதில்லை.

வெளிவிளிம்பில் வரும் துளி வடிவத் தொங்கல்களுக்குப் பின்னால் பூ இருக்கிறது. 1907இல் அரசர் பள்ளத்தாக்கில் தியோடர் டேவிஸின் குழு ஒரு குழியைத் திறந்தபோது, எகிப்திய அரசன் துட்டன்காமுனின் அடக்கத்தில் பயன்பட்ட பொருள்கள் கிடைத்தன. அவற்றில் உண்மையான பூக்களாலும் இலைகளாலும் ஆன கழுத்தணிகளும் இருந்தன. பாப்பிரஸ் தாளின் மேல் ஆலிவ் இலைகளையும் பூவிதழ்களையும் சிறு பழங்களையும், அவற்றோடு நீல ஃபயான்ஸ் வட்டுமணிகளையும் வரிசை வரிசையாக வைத்துத் தைத்திருந்தார்கள். அந்த அரசனின் கல்லறையில், உள் சவப்பெட்டியின் மேல் கிடந்த மலர் அணியில், நம் நாட்டு மருந்துக் கடைகளில் அமுக்கரா என்று விற்கும் செடியின் சிவந்த பழங்களைப் பனையினத்து ஓலைக் கீற்றுகளில் கோர்த்திருந்தார்கள். வாடிப்போகும் அந்த அணியை வாடாமல் வைத்துக்கொள்ளும் முயற்சியே அக்கெனாத்தன் என்ற அரசனின் தலைநகரான அமர்னாவில் நடந்தது. 1891-92இல் அங்கே அகழாய்வு செய்த பிளிண்டர்ஸ் பெட்ரி, ஃபயான்ஸ் வார்க்கும் சுடுமண் அச்சுகளை ஆயிரக்கணக்கில் எடுத்தார். பேரீச்சம்பழம், திராட்சைக் கொத்து, அல்லி இதழ் என்று பூவும் கனியுமான அச்சுகள் அவற்றில் நிறைய இருந்தன. பூ கட்டுவதைச் சிறு வயது முதல் பார்த்தும் செய்தும் வளர்ந்தவர்களுக்கு, இலையின் முனை அடுத்த இலையின் காம்பை மறைக்கும்படி அடுக்கும் முறை கையோடு வந்துவிடும். எனவே கடைசி வரிசைத் தொங்கல்களை நான் மணியாக நினைக்காமல் இதழாக நினைத்தே வைக்கிறேன். ஒன்றின் தோள் மற்றொன்றைச் சிறிது மூட வேண்டும்.

மணிகளைப் பற்றிப் பேசும்போது, எங்கள் மாவட்டத்துக் கீழடியில் சூதுபவள மணிகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்திருப்பதைக் காட்டி, எகிப்துக்கு மணி அனுப்பியவர்களே நாம்தாம் என்று சொல்லிவிடும் ஆர்வம் சிலருக்கு எழுகிறது. செங்கடல் துறைமுகங்களான பெரெனிகேயிலும் குசைர் அல்-காதிமிலும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பெரெனிகேயில் இந்தியச் சாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகும் கிடைத்தது. அவையெல்லாம் ரோமானியர் எகிப்தை ஆண்ட காலத்தவை. துட்டன்காமுனுக்கும் அந்தக் காலத்துக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. வாஹின் கழுத்தணியில் தமிழர் கையைத் தேடாமல், கீழடி அருங்காட்சியகத்தில் அந்தச் சூதுபவள மணியின் துளையை அருகில் சென்று பாருங்கள் என்றே நான் சொல்வேன். தீப்ஸில் உள்ள கல்லறை ஓவியங்களில், ஒரே வில்லை இழுத்துப் பல துளைக்கோல்களை ஒருசேரச் சுழற்றும் மணித்தொழிலாளியைக் காணலாம். அவ்வளவு கடினமான கல்லில் அவ்வளவு நேரான துளையை இட்டவர்கள் இரு நாட்டிலும் இருந்தார்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தியாக இருக்கிறது.

அணியும் உடையைப் பற்றியும் கேட்கிறார்கள். எகிப்தியர் வெண்ணிற ஆளித்துணியின் மேல் இதை அணிந்ததால்தான் நிறங்கள் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. கண்டாங்கிச் சேலை எனக்கு மிகவும் பிடித்தது என்றாலும், அதன் கட்டங்களும் இந்த வரிசைகளும் ஒன்றோடொன்று மோதும். கட்டமில்லாத வெள்ளையோ சந்தன நிறமோ உள்ள கைத்தறிச் சேலையும், கழுத்து அகலமான ரவிக்கையும் பொருந்தும். வேறு சங்கிலி எதுவும் வேண்டாம். எங்கள் பக்கத்து வெயிலில் வியர்வைக்குப் பருத்தி நூல் விரைவில் இற்றுவிடும் என்பதால், அன்றாடம் அணிவதற்குக் கேட்பவர்களுக்கு நைலான் நூலில் கோர்த்துத் தருகிறேன். கழற்றியதும் ஈரத்தைத் துணியால் ஒற்றி, ஆணியில் மாட்டாமல் தட்டையாகப் படுக்கவைத்துப் பாதுகாக்க வேண்டும். மாட்டி வைத்தால் மேல் வரிசை நூல் நீண்டு வளைவு கெட்டுவிடும்.

முதன்முறையாகச் செய்ய விரும்புபவர்கள் மூன்று வரிசையோடு தொடங்குவது நல்லது. நீலப்பச்சை, கருநீலம், சிவப்பு என்று வரிசைக்கு ஒரு நிறமாக வைத்து, நடுவில் பொன்னிறச் சிறுமணிகளை ஓடவிட்டால் போதும். தேக்குத் துண்டு கிடைக்காவிட்டால், கெட்டி அட்டையை மூன்றடுக்காக ஒட்டி நடு அடுக்கில் நூலுக்கு வழிவிட்டு அரைவட்டத் தகடு செய்துகொள்ளலாம். எதிர்ப்பாரத்துக்கு, மீந்த குழல்மணிகளையே விரல் அகலப் பட்டையாகக் கோர்த்து, நுனியில் கனமான சுடுமண் மணி ஒன்றைக் கட்டிவிடுங்கள்.